போகிற வழியில் கறுக்கும் மை

ஃபோர்ட்டில், ஹார்னிமன் வட்டத்துக்குப் பின்னால்,
ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே
ஆள் ஒருக்களித்து நுழையும் அகலத்தில் பேனாக்கடை.
குடையை வாளியில் போடச் சொன்னாள் ப்ராஜக்தா.
ஜூலை. வாளியில் ஏற்கெனவே பாதித் தண்ணீர்.

எனக்கு இடது கை.
எழுதியதை எழுதிய கையே துடைத்துக்கொண்டு போகும்.
பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளிலிருந்து
சுண்டுவிரல் ஓரம் நீலம்.
சீக்கிரம் உலர வேண்டும் என்றேன்.
நனைந்தாலும் நிற்க வேண்டும் என்றேன்.
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை,
எந்தத் தாளில் என்று கேட்டாள்.

தாள் ஆபீஸ் தாள்தான்.
ஆள்தான் சிக்கல்.
கனிராஜ், கப்பலில் இரண்டாம் எஞ்சினியர்.
கடிதம் துறைமுக ஏஜென்ட் கைக்குப் போகும்;
ஏஜென்ட் படகோடு காத்திருப்பார்;
கப்பல் வேறு கரைக்குத் திரும்பியிருக்கும்.
போன தடவை சாந்தோஸில் தப்பியது டர்பனில் பிடித்தது.
உறை ஊறிய அப்பளமாய் இருந்ததாம்,
என் பெயர் மட்டும் மிச்சம், அதுவும் பாதி.
வாட்ஸ்அப்பில் வேண்டாம் என்கிறான்,
உடனே பதில் சொல்ல முடியாத எதையாவது எழுது என்கிறான்.

தடித்த நிப்பில் 'ஞ'வின் வயிறு அடைத்துப்போகிறது.
மெல்லியது தாளைக் கீறுகிறது,
இருட்டில் சாவித் துவாரம் தேடுகிறவன் மாதிரி.
தங்க நிப் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது;
விலை கேட்டேன்; மூடியை மூடி வைத்தேன்.
கடைசியில் எபோனைட், எழுநூறு ரூபாய்,
மழைக்காலப் பள்ளிச் செருப்பின் வாசனை,
நடுத்தர நிப்.
இழுக்காமல் தள்ளி எழுதும் என் கையை
முறைக்காத ஒரே பேனா.

சோதனைத் தாள் நிறையக் கையெழுத்துகள்.
பேனா கிடைத்தால் மனிதர்கள் தங்கள் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.
நான் யோசிக்காமல் 'ஆனால்' என்று எழுதினேன்.
என்ன அர்த்தம் என்றாள்.
அவள் மராத்தியிலேயே சொன்னேன்: 'பண்.'
எங்களிடம் பண் என்றால் ராகம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் ஒருவர் ரீஃபில் கேட்டு இருமினார்.

மயில்நீலம் அழகு.
குடை நுனியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து வைத்தாள்:
'ஆனால்' போய்க் குளம் ஆனது.
ஊதாவில் 'ஆ' மட்டும் தப்பியது.
கறுப்பு நின்றது;
என் விரல் பட்டதும் அதற்கு வால் முளைத்தது.
சிவப்பை அவளே ஒதுக்கிவிட்டாள்.

குனிந்து அடித்தட்டிலிருந்து ஒரு குட்டைப் புட்டியை எடுத்தாள்.
இரும்பு, மாய்ஃபள் என்றாள்.
மாசிக்காய்! குழந்தை நாக்கில் உரசித் தடவுவோமே, அது.
எழுதும்போது வெளிறித்தான் இருக்கும்,
காற்றுப் பட்டுப் பட்டு ஒரு வாரம் கறுத்துக்கொண்டே போகும்,
அப்புறம் தண்ணீர் ஒன்றும் செய்ய முடியாது.
எஃகு நிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்னும்,
கழுவி வையுங்கள்.
நானூற்று எண்பது. பில் வேண்டுமா?

ஆன்டாப் ஹில்லில் இரவு பதினொன்று.
கனி, ஏப்ரலில் கேட்டாய்,
கப்பலை விட்டுவிட்டு வந்துவிடவா என்று.
பதில் இதோ,
சொட்டுநீலம் கூடிப்போன பனியன் நிறத்தில்,
எனக்கே நம்பிக்கை வராத நிறத்தில்.
'ஆனால்' இரண்டு இடத்தில் இருக்கிறது.
ஒன்றை அடித்திருக்கிறேன்.
அடித்த கோடும் சேர்ந்துதான் கறுக்கும்,
பார்த்துக்கொள்.
நீ பிரிக்கும் நாளில் இந்தச் சொற்கள்
எவ்வளவு உறுதியாகத் தெரியுமோ
அவ்வளவு உறுதி
எழுதியவளிடம் இருந்ததில்லை.

உறையை ஒட்டினேன். நிப்பைக் கழுவினேன்.
வாழ்க்கையில் முதல்முறையாகச் சுண்டுவிரல் சுத்தம்
என்று நினைத்துத் தூங்கினேன்.

காலையில் ஜிடிபி நகரில் ஏறி,
கைப்பிடியைப் பிடிக்கக் கை தூக்கியபோது பார்த்தேன்:
விரல் ஓரத்தில், இரவு இல்லாத இடத்தில்,
நல்ல கறுப்பு.